ஆடு வருவதற்குள் முடிக்க வேண்டிய பந்தயம்

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையிலிருந்து தளி போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பெங்களூரிலிருந்து சைக்கிள்காரர்கள் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். ஏரிக்கரை மேல் ஏறி, பாறைக் கரட்டைச் சுற்றி, ராகி வயல் ஓரமாக ஓட்டிவிட்டு, பஸ் ஸ்டாப் கடையில் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் கவர்ன்மென்ட் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்குக் கொடுத்த இலவச சைக்கிளைப் பிடித்தபடி ஓரத்தில் நின்று அந்த டயர்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவன்தான். ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போய், செகண்ட் ஹேண்டில் ஒரு மவுண்டன் பைக் வாங்கி, அந்த பெங்களூர்க் கும்பலோடு நாலைந்து வருஷம் சுற்றிய பிறகுதான் தோன்றியது: நம்ம ஊர்ப் பாதையில் ஒரு பந்தயம் வைத்தால் என்ன, அதில் நம்ம ஊர்ப் பையன்களும் ஓட்டினால் என்ன?

மூன்று முறை நடத்தியாகிவிட்டது. "எப்படிண்ணா பண்ணீங்க, எங்க ஊர்லயும் வைக்கணும்" என்று யாராவது கேட்டபடியே இருக்கிறார்கள். ஃபோனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். வெற்றிக் கதை இதில் கொஞ்சம்தான், முட்டிக்கொண்ட கதைதான் அதிகம்.

முதலில் செய்த முட்டாள்தனம் மேப். ஃபோனில் சாட்டிலைட் படத்தைத் திறந்து விரலால் 18 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. பெருமையாக எடுத்துக்கொண்டு போய் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் ஃபோனை ஒரு நிமிஷம் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது காப்புக்காடு. இது காப்புக்காடு. இது கல் குவாரி லாரி போற வழி. இங்க கிணறு. இது நம்ம பங்காளி நிலம், நம்மகூடப் பேச்சுவார்த்தை கிடையாது" என்றார். மிச்சம் இருந்தது ஏரிக்கரையும் கரடும்தான்.

காப்புக்காட்டு விஷயத்தில் யாரும் ஆசைப்பட வேண்டாம். எங்கள் பகுதி காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டியது, 2014-ல் அறிவித்தது. முன் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதே குற்றம், அதில் பந்தயம் வேறயா. கோடு காட்டின் ஓரத்தைத் தொட்டால்கூட வன அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. நாங்கள் தொடவே இல்லை. காட்டெல்லையிலிருந்து நன்றாகத் தள்ளி, மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிக்கரை, பழைய வண்டிப் பாட்டை, பட்டா நிலத்து வரப்பு என்று கோர்த்ததில் 18 கிலோமீட்டர் சுருங்கி ஐந்தரை கிலோமீட்டர் ஆனது. அப்போது வருத்தமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிற மவுண்டன் பைக் போட்டியிலேயே இப்போதெல்லாம் சுற்று ஏறக்குறைய இவ்வளவுதான், அதையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள் என்று. சின்னச் சுற்று என்றால் ஆட்களை நிறுத்துவது சுலபம், ஆம்புலன்ஸ் எங்கிருந்தாலும் பத்து நிமிஷத்தில் போய்விடும், பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரே இடத்தில் நின்று இரண்டு தடவை பார்க்கக் கிடைக்கும். முதல் தடவை நடத்துகிறவர்கள் ஆறு கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள்.

தேதி பிடிப்பது மேப்பைவிடப் பெரிய தலைவலி. எங்கள் பக்கம் மானாவாரி ராகி ஆடி வாக்கில் விதைத்து கார்த்திகை, மார்கழியில் அறுவடை ஆகும். அந்த ராகிக்குத்தான் யானையும் வரும். குளிர்காலம் வந்தால் சானமாவுக் காட்டில் இத்தனை யானை நிற்கிறது, ஊர்மக்கள் ஜாக்கிரதை என்று பேப்பரில் வராத வருஷம் கிடையாது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை விடியற்காலையில் வயல் பக்கம் ஆளைக் கூட்டுகிற வேலையே வேண்டாம் என்று ஊரில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மார்ச்சில் பப்ளிக் எக்ஸாம். ஏப்ரல், மே வெயிலும் கோடைமழையும் நம்ப முடியாதவை, ஒரு மழை பிடித்தால் களிமண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. ஆக, அறுவடை முடிந்து நிலம் வெறுமனே கிடக்கிற பிப்ரவரி. அதிலும் பிளஸ் டூ பிராக்டிகல் வரும், பையன்களைக் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முடிவு பண்ணினோம்.

பண்ணிவிட்டு பத்து நாள் கழித்துத்தான் காலண்டரைக் கிழித்துப் பார்த்தேன். தை மாத முகூர்த்த நாள். சுற்று வட்டாரத்தில் ஒரு பந்தல்காரர் இல்லை, ஒரு மைக் செட் இல்லை, சமையல்காரர் இல்லை, வேன் இல்லை. ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். தேதியை ஒரு வாரம் தள்ளினோம். தயவுசெய்து முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அப்புறம் பள்ளிக்கூட அட்டவணை, அப்புறம் வானிலை.

நிலம் பற்றி இனி சொல்கிறேன், இதுதான் எனக்குப் பெரிய பாடம். பாதை மொத்தம் ஒன்பது பேர் பட்டாவில் போனது. எல்லோரிடமும் போய்ப் பேசினோம், எல்லோரும் "போங்கப்பா, பசங்க விளையாட்டுதானே" என்றார்கள். பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு பெரியவர் வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். என்ன ஏது என்று ஓடினால், நாங்கள் கேட்டது அவருடைய தம்பியை. நிலம் கூட்டுப் பட்டா. தம்பி சரி என்றது அண்ணனுக்குத் தெரியாது. "யார் நிலத்துல யாரு யாரைக் கேட்டீங்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கெஞ்சிப் பார்த்தோம், ஆகவில்லை. அந்த 400 மீட்டரை விட்டுவிட்டு ஓடைக்குள் இறக்கி ஏற்றி வேறு வழி வெட்ட இரண்டு ராத்திரி போனது. இப்போது என்ன செய்கிறோம் என்றால், சர்வே நம்பரை எழுதிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒவ்வொரு நம்பரிலும் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, பெயர் இருக்கிற அத்தனை பேர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போகிறோம். வெற்றிலை பாக்கு, பழம், ஒரு நோட்டீஸ். குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரரையும் கேட்க வேண்டும், உண்மையில் அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நிலத்துக்காரர்கள் ஒரு பக்கம், நிலமே இல்லாமல் பாதையைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்களை நான் நினைக்கவே இல்லை. விடிகாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஏரிக்கரை வழியாகத்தான் பால் கேன் சொசைட்டிக்குப் போகும். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு பக்கமும் கேன் மாட்டிக்கொண்டு வருகிறவர் எதிரில் ஒரு சைக்கிள் 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒன்பதரைக்கு மேல் ஆடு கரட்டுக்கு ஏறும். ஆக, எங்களுக்குக் கிடைத்த நேரம் ஏழேகாலிலிருந்து ஒன்பதரை வரை, அவ்வளவுதான். இந்தக் கணக்கை எனக்குச் சொன்னது ஆடு மேய்க்கிற ஒரு தாத்தா. கமிட்டி மீட்டிங் எதற்கும் அவரைக் கூப்பிடவில்லை, அவராக வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: "ஆடு வர்றதுக்குள்ள முடிச்சுருவீங்களா?" முடித்துவிடுவோம் தாத்தா என்று சொன்னேன். முடிக்கவில்லை, அது பின்னால் வருகிறது.

பந்தயத்தை எப்படி ஓட்டுவது என்பதில் எனக்கும் பெங்களூர் நண்பர்களுக்கும் ஒரு சண்டை. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதி விடுவதுதான் முறை என்றார்கள். எங்கள் பாதையோ முதல் 200 மீட்டரிலேயே ஒற்றையடி ஆகிவிடும். முப்பது பேரை ஒன்றாக விட்டால் அங்கேயே குவியல். இதற்கு வழி சொன்னது எங்கள் ஊர் எருது விடும் விழாக் கமிட்டி. பொங்கல் முடிந்து எங்கள் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். காளையை ஒவ்வொன்றாக விடுவார்கள், குறிப்பிட்ட தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்று கணக்கு, குறைந்த நேரத்துக்குப் பரிசு. "அதே மாதிரி ஒவ்வொருத்தரா விட்டா முடிஞ்சுது, எதுக்கு முட்டி மோதணும்?" என்றார் கமிட்டியில் டைம் பார்க்கிற அண்ணன். அரை நிமிஷத்துக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டோம். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் விறுவிறுப்புக் குறைவு, யார் முந்துகிறார் என்று கண்ணால் தெரியாது. ஆனால் விழுகிறவன் தனியாக விழுவான், அவன் மேல் இன்னொருவன் ஏற மாட்டான். பழக்கமில்லாத பையன்களை வைத்து நடத்தும்போது இதுதான் சரி.

அந்தக் கமிட்டியோடு சேர்ந்ததால் இன்னொரு லாபம். 2017 ஜல்லிக்கட்டுச் சட்டத்துக்குப் பிறகு எருது விடும் விழாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் வரை எழுதிப் பழகியவர்கள் அவர்கள். எந்த மனுவில் என்ன எழுத வேண்டும், நகல் யாருக்குப் போட வேண்டும், எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும் எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஊராட்சித் தலைவர், விஏஓ, தாசில்தார், காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஐந்து இடத்திலும் கடிதம் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொண்டோம். தடுப்புக் கட்டை, கயிறு, ஊரில் யார் குரலுக்குக் கூட்டம் ஒதுங்கும் என்கிற விவரம், இதெல்லாமும் அவர்களிடமிருந்துதான். உங்கள் ஊரில் எருது விடுவது இல்லாவிட்டால் தேர்த் திருவிழாக் கமிட்டி இருக்கும், கபடிக் குழு இருக்கும். புதிதாக ஒரு சங்கம் ஆரம்பித்து லெட்டர் பேட் அடிப்பதற்கு முன்னால் அவர்களிடம் போங்கள்.

டைம் எடுப்பதற்கு ஆப், சிப் என்று எதுவும் வேண்டாம். இரண்டு ஃபோன் கடிகாரத்தை நொடி வரை ஒத்துப் பார்த்துக்கொண்டு, கிளம்புகிற இடத்தில் ஒருவர் நம்பரும் கிளம்பிய மணியும் எழுத வேண்டும், முடிகிற இடத்தில் ஒருவர் நம்பரைச் சத்தமாகச் சொல்ல இன்னொருவர் மணியை எழுத வேண்டும், மூன்றாவது ஆள் வந்த வரிசையை மட்டும் தனி நோட்டில் எழுத வேண்டும். இரண்டு நோட்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் சண்டை வரும், அதற்காகவே இரண்டு நோட்டு. நம்பர் பிளேட்டுக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டி, பின்பக்க வெள்ளையில் பெயிண்டில் எழுதி, ஹேண்டில்பாரில் டேக் போட்டுக் கட்டினோம். முன்பக்கம் யாரோ ஒரு பிரமுகரின் பாதி மீசையோடு பையன்கள் ஓட்டியது தனி அழகு.

பாதை வெட்டுவது பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நேராக மேட்டில் ஏறுகிற பாதையை வைத்தால் கியர் இல்லாத சைக்கிள் ஏறாது, மழை வந்தால் அதே கோட்டில் தண்ணீர் இறங்கி அடுத்த வருஷம் அது ஓடையாகிவிடும். சரிவுக்குக் குறுக்காகச் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். நூறு மீட்டர் போனால் சராசரியாகப் பத்து மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது பாதை போடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்கிற கணக்கு, எங்கள் கரட்டில் அதை ஒட்டியே போட்டோம். மம்பட்டி, கடப்பாரை, எட்டுப் பேர், நாலு ஞாயிற்றுக்கிழமை. மாடு நடந்த தடம் எங்கே இருக்கிறதோ அதைப் பின்பற்றினால் பாதி வேலை மிச்சம். மாடு ஒருபோதும் வீணாக மூச்சு வாங்காது.

பயப்பட வேண்டியது பாறைக்கு இல்லை, கிணற்றுக்கு. எங்கள் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய திறந்த கிணறுகள் வயல் நடுவே புல்லோடு புல்லாகத் தெரியாமல் கிடக்கும். பாதையின் இரண்டு பக்கமும் நூறு நூறு அடி நடந்து பாருங்கள், சைக்கிளில் போய்ப் பார்த்தால் தெரியாது. கிணறு, மூடாத போர்வெல் குழி, பன்றிக்குப் போட்ட மின்வேலி, கழுத்து உயரத்தில் கட்டிய முள்கம்பி. எங்கள் பாதையில் ஒரு வளைவுக்கு அருகே இரண்டு கிணறு இருந்தன. பாதையை 60 மீட்டர் தள்ளி மாற்றி, கிணற்றைச் சுற்றிச் சீமைக்கருவேல முள்ளை மார்பு உயரத்துக்கு அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளையும் நிறுத்தினோம். அந்த ஆள் பந்தயத்தை வேடிக்கை பார்க்கவே கூடாது, கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்று யாரும் அந்தப் பக்கம் வராமல் தடுப்பது மட்டும்தான் வேலை.

வழிகாட்டிக் குறிக்கு முதல் வருஷம் சிவப்பு வெள்ளை பிளாஸ்டிக் டேப் கட்டினோம். முந்தின நாள் சாயங்காலம் கட்டியது, காலையில் பார்த்தால் ஒரு இடத்தில் காணோம். மாடு மென்றிருந்தது. மாட்டுக்காரர் திட்டியதில் நியாயம் இருக்கிறது, பிளாஸ்டிக் வயிற்றில் போனால் மாடு செத்துவிடும். அடுத்த வருஷத்திலிருந்து பழைய காவி வேட்டித் துணியைக் கிழித்து ஆள் உயரத்துக்கு மேல் கிளையில் கட்டுகிறோம், தரையில் சுண்ணாம்புப் பொடியில் அம்புக்குறி. சுண்ணாம்பை பந்தயத்தன்று காலையில்தான் போட வேண்டும், ராத்திரிப் பனியில் நனைந்தால் தெரியாது. திருப்பத்துக்கு முன்னால் ஒன்று, திருப்பத்திலேயே ஒன்று, திரும்பிய பிறகு "சரியாத்தான் வந்திருக்க" என்று சொல்கிற மாதிரி ஒன்று. மூன்றாவதை நாங்கள் போடாமல் விட்டதால் பெங்களூரிலிருந்து வந்த நாலு பேர் அடுத்த ஊருக்கே போய், அங்கே யாரோ காபி கொடுத்து உட்கார வைத்து, திரும்பி வரும்போது பரிசளிப்பே முடிந்திருந்தது. அவர்கள் கோபப்படவில்லை. காபி நன்றாக இருந்ததாம்.

பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில் ஓட்டுகிற ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைத்தோம், அந்த கவர்ன்மென்ட் சைக்கிள் பிரிவுக்கு வருகிறேன். முதலில் அதை இலை ஓரத்தில் வைத்த ஊறுகாய் மாதிரிதான் வைத்தோம், உள்ளூர்ப் பையன்கள் மனசு நோகக் கூடாதென்று. பெயர் கொடுத்தது 34 பேர்! வெளியூர்க்காரர்கள் 30 பேர்தான். கியர் கிடையாது, ஷாக் கிடையாது, மெலிந்த டயர். ஆனாலும் அந்தச் சைக்கிளில் தினமும் எட்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம் போய் வருகிறவன் தொடை வேறு ஜாதி. இவர்களுக்குச் செய்த பரிசோதனைதான் மொத்தத்தில் நாங்கள் செய்த உருப்படியான காரியம். முந்தின நாள் சாயங்காலம் ஊர் சைக்கிள் கடைக்காரர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். 34-ல் 19 வண்டிக்குப் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. மாற்றினோம். முன்கூடை, கேரியர் கழற்றியாக வேண்டும், ஸ்டாண்டைக் கயிறு போட்டுக் கட்டியாக வேண்டும், இல்லையென்றால் குதிக்கும்போது ஸ்டாண்ட் இறங்கி ஆளைத் தூக்கி அடிக்கும். செருப்பு போட்டு ஓட்டக் கூடாது, ஷூ இல்லாதவர்கள் பள்ளிக்கூட ஷூ. பெற்றோர் கையெழுத்து. ஒரு நாள் விபத்துக் காப்பீடு எடுத்தோம், அதற்குப் பெயர், வயது எல்லாம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், அதனால் கடைசி நேரத்தில் "அண்ணா, நானும்" என்று வருகிறவனை மனசைக் கல்லாக்கிக்கொண்டு திருப்பி அனுப்புங்கள்.

ஹெல்மெட்டில்தான் கோட்டை விட்டோம். காசு போதாமல் 18 வாங்கினேன், பாதிப் பேர் ஓட்டி வந்ததும் கழற்றி அடுத்தவர்களுக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று. இது எனக்கு அப்போது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. முதல் 17 பேர் ஏழேகாலுக்கு ஆரம்பித்து எல்லோரும் வந்து சேர எட்டேகால், வியர்வை ஹெல்மெட்டைத் துடைத்து அளவு சரிபண்ணி அடுத்த 17 பேரை விட்டு, அவர்கள் வந்து, அப்புறம் இரண்டு சுற்று ஓட்ட வேண்டிய வெளியூர்க்காரர்களை விடும்போது ஒன்பதரை. தாத்தா சொன்ன நேரம் முடிந்துவிட்டது.

சொன்ன மாதிரியே ஆடு வந்தது. எழுபது எண்பது ஆடு, ஒற்றையடிப் பாதை முழுக்க. தாத்தா நிறுத்தவில்லை, ஏன் நிறுத்த வேண்டும், நேரம் சொல்லித்தானே போனார். இரண்டு லட்ச ரூபாய் சைக்கிளை வைத்துக்கொண்டு ஆட்டு மந்தைக்கு நடுவே நின்ற இருவருக்கு மூன்று நிமிஷம் போனது, அதைக் கழிக்கலாமா கூடாதா என்று முடிவில் அரை மணி நேரம் வாக்குவாதம். வழியில் மனுஷனோ மாடோ தடுத்தால் நேரத்தை யார் எப்படிக் கணக்கு வைப்பது என்று காலையிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். இப்போது பாதையில் காவலுக்கு நிறுத்துகிற ஒவ்வொரு ஆளிடமும், அதாவது மார்ஷலிடமும், ஒரு வாட்ச், ஒரு சீட்டு.

ஆனால் ஆடு பெரிய விஷயமே இல்லை. அன்றைக்கு நடந்தது வேறு ஒன்று. இரண்டாவது கும்பலில் கிளம்பியது 17, வந்தது 16. கடைசியாகப் பின்னால் ஓட்டி வர வேண்டிய என் நண்பன் வந்துவிட்டான், வழியில் யாரும் இல்லை என்கிறான். கரட்டுக்குப் பின்னால் ஃபோன் டவர் கிடையாது. விசில் ஊதி மார்ஷல் மார்ஷலாகக் கேட்டதில் நாலாவது ஆள் பார்த்திருக்கிறான், ஐந்தாவது ஆள் பார்க்கவில்லை. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் அந்த இரண்டு கிணறு. கிணற்றுக்கு நிறுத்திய பையன்களில் ஒருவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். பந்தயத்தை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கிணற்றுக்கு ஓடினேன். முள் அடுக்கு கலையாமல்தான் இருந்தது, ஆனாலும் ஒருவர் கயிறு கட்டிப் பாதி இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் குடம். அதற்குள் பையனின் பாட்டி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில், இனி வாழ்க்கையில் பந்தயம் என்ற வார்த்தையே எடுப்பதில்லை என்று எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

பையன் அத்தை வீட்டில் இருந்தான். செயின் அறுந்திருக்கிறது, பக்கத்துக் கொட்டாயில்தான் அத்தை வீடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கு வழியில் போய்க் குளித்துவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "தோத்துட்டேன், அப்புறம் எதுக்கு அங்க வரணும்?" என்றானாம். அவன் மேல் என்ன தப்பு? விலகினால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் யாருக்குமே சொல்லவில்லை. அதிலிருந்து விதி ஒன்று: நடுவில் நிற்கிறவன் நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பக்கத்து மார்ஷல் கையில் கொடுத்துவிட்டுத்தான் எங்கேயும் போகலாம். முடிவில் பிளேட்டை எண்ணுகிறோம். மார்ஷல்களையும் ஒருவரை ஒருவர் பார்க்கிற தூரத்தில்தான் நிறுத்துகிறோம், மறைவான இடத்துக்கு இரண்டு பேர், ஆள் கடந்தால் ஒரு விசில், விழுந்தால் மூன்று. முதல் வருஷம் 11 மார்ஷல், இப்போது 26.

ஆம்புலன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 108 இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது அவசரத்துக்கு எங்கிருந்தோ வர வேண்டிய வண்டி, நம் வாசலில் காலையிலிருந்து காத்திருக்கிற வண்டி கிடையாது. தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றை 5,000 ரூபாய்க்குப் பேசி நர்ஸோடு நிறுத்தினோம். பாம்புக்கடி மருந்து பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொண்டோம். இதுவரை பெரிய காயம் ஒன்றுதான், தோள்பட்டை எலும்பு, வெளியூர்க்காரர். எல்லாம் தெரிந்தவர்தான் வேகமாக இறங்குவார்.

பஞ்சர் நிறைய. நெருஞ்சியும் கருவேலமும் போட்டி போடும். எங்கள் கடைக்காரர் சொல்யூஷன், பேட்ச், 26 இஞ்ச் ட்யூப், வால்வு ரப்பர் எல்லாம் பரப்பிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பெங்களூர் சைக்கிள் வந்தது, 29 இஞ்ச், குச்சி மாதிரி பிரெஸ்டா வால்வு. அவருடைய பம்ப் அதற்குப் பொருந்தாது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நாற்பது ரூபாய் அடாப்டர் விஷயம், யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அவர் கடையில் ஒரு டஜன் தொங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு அவரே விற்கிறார்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் மொத்தச் செலவு 61,000. வெளியூர்க்காரர்கள் ஆளுக்கு 700 வீதம் 21,000, ஊரிலும் ஓசூர் நண்பர்களிடமும் திரட்டியது 25,000, மீதியை மூன்று பேர் கையிலிருந்து போட்டோம். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. முதல் பரிசுக்கு ரொக்கம் வைத்தது தப்பு, ஜெயித்தவன் வீட்டில் அதற்காகவே ஒரு சண்டை நடந்ததாகக் கேள்வி. இப்போது டயர், ட்யூப், செயின், ஹெல்மெட், ஷூ. சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஓட்டி முடித்தவர்களுக்கு ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் போட்டோம், பிப்ரவரியில் மொச்சை கடைசிப் பறிப்பு. ஊர்ப் பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பருப்புப் பிதுக்கியது. வெளியூர்க்காரர்கள் அடுத்த வருஷம் பெயர் கொடுக்கும்போது பாதையைப் பற்றிக் கேட்கவில்லை, குழம்பு உண்டா என்றுதான் கேட்டார்கள்.

இரண்டாவது வருஷம் அந்தப் பருப்புப் பிதுக்கிய அக்காக்களில் ஒருவர்தான் கேட்டார், "எம்பொண்ணுக்கும் அதே சைக்கிள்தானே குடுத்தாங்க?" எனக்குப் பதில் இல்லை. பெண் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள், போன தடவை ஒன்பது. சுடிதார் துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு ஓட்டினால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பயந்தோம். பெரிதாக யாரும் எதுவும் சொல்லவில்லை, சொன்ன ஒருவரை அவர் மனைவியே பார்த்துக்கொண்டார்.

ஹெல்மெட் இப்போது 45 இருக்கிறது. பந்தயம் ஒன்பது இருபதுக்கு முடிந்துவிடுகிறது, தாத்தா கரட்டு அடிவாரத்தில் ஆட்டை மடக்கிக்கொண்டு, கடைசி ஆள் போகட்டும் என்று பீடி பிடித்தபடி நிற்கிறார்.

முள் வெட்டிப் போட்ட பெரியவரிடம் இரண்டாவது வருஷம் நேராகப் போய்க் கேட்டேன். கொள்ளு விதைத்திருக்கிறேன், முடியாது என்றார். மூன்றாவது வருஷம் போனேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விடறேன். ஆனா போன தபா பக்கத்து நிலத்தைப் பாத்தேன். நீங்க ஓட்டுன தடம் சாலை மாதிரி இறுகிக் கெடக்குது, ஏர் எறங்க மாட்டேங்குது. முடிச்ச மறுநாள் அந்தப் பட்டையை ஓட்டிக் குடுக்கணும், டிராக்டர் வாடகை உங்களுது" என்றார். ஒன்பது நிலத்துக்காரர்களில் இதை எங்களிடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் இரண்டு வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதிலிருந்து எங்கள் செலவு நோட்டில் ஆம்புலன்ஸுக்கு அடுத்த வரியில் டிராக்டர், மூன்று மணி நேரம் என்று எழுதியிருக்கும்.